சென்சார் குழாய், டிஜிட்டல் ஷவர்: மாடி டேங்க் வீட்டுக்கு எடுபடுமா?

சத்துவாச்சாரி மாடிவீடு | 9 மார்ச் 2025, காலை 10.12

வேலூர் சத்துவாச்சாரியில வீடு, கீழ், மேல் ரெண்டு தளம். பழைய வீடு. ரெண்டு பாத்ரூமையும் கிச்சனையும் உடைச்சுப் புதுசா பண்றோம். இன்டீரியர்காரர் குடுத்த லிஸ்ட் இது: கீழ ஹால் வாஷ்பேசினுக்கு சென்சார் குழாய். கிச்சன் சிங்க்குக்குத் தொட்டா திறக்கிற குழாய். மாடி பேசினுக்கும் சென்சார். மாடி ஷவருக்கு டிஜிட்டல் பேனல், எத்தனை டிகிரின்னு நம்பர் காட்டுமாம்.

டேங்க் 1000 லிட்டர், படிக்கட்டு ஹெட்ரூம் மேல இருக்கு. போர் தண்ணி சம்ப்ல விழுந்து மேல ஏறுது. காவேரித் தண்ணி குடிக்க மட்டும், தனி குழாய். டேங்க்ல இருந்து இறங்குற லைன்ல பிரஷர் பம்ப் எதுவும் கிடையாது. இதுல எது எடுபடும், எது தண்டம்? எந்த பிராண்டுன்னு கேக்கல.

ஆங்கிள் காக் | 9 மார்ச், 10.41

பிராண்டு கேக்காததே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. இஞ்ச் டேப் எடுத்துக்கினு மாடிக்குப் போங்க. டேங்க் அடியில இருந்து ஒவ்வொரு குழாய் வாய் வரைக்கும் நேர் உயரம் எத்தனை அடின்னு அளந்து போடுங்க. தண்ணி மட்டத்துல இருந்து அளக்காதீங்க, டேங்க் காலியாகிற நேரத்துலயும் குழாய் வேலை செய்யணும் இல்ல. தண்ணி அழுத்தத்தை பார்ங்கிற அளவுல சொல்லுவாங்க. 33 அடிக்கு 1 பார், அவ்வளவுதான் கணக்கு.

சத்துவாச்சாரி மாடிவீடு | 9 மார்ச், மாலை 5.30

கிச்சன் சிங்க் 25½ அடி. ஹால் பேசின் கிட்டத்தட்ட அதே. மாடி பேசின் 15½. மாடி ஷவர் தலை 11½.

ஆங்கிள் காக் | 9 மார்ச், இரவு 8.05

அப்ப கீழ 0.77 பார், மாடி பேசின்ல 0.47, ஷவர்ல 0.35. குழாய் மூடியிருக்கும்போது இருக்கிற கணக்கு இது. திறந்தா எல்போ (பைப் வளைவு), ஆங்கிள் காக் (பேசினுக்குக் கீழ சுவத்துல இருக்கிற குட்டி வால்வு), கனெக்‌ஷன் பைப் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தின்னும்.

இப்ப சென்சார் குழாய் டப்பாவுக்குள்ள மடிச்சு வச்சிருக்கிற காகிதத்தைப் பாருங்க. குறைந்தபட்ச அழுத்தம்னு ஒரு வரி இருக்கும். நிறைய மாடல்ல அது 0.5 பார். கீழ தாராளமா ஓடும். மாடில இழுபறி. டிஜிட்டல் ஷவர் பேனல்ல பெரும்பாலானது 1 பாருக்குக் கீழ ஒத்துக்காது. மேல்நாட்டுல தெருக் குழாயிலயே 3, 4 பார் வருது, அந்த வீட்டுக்குன்னு யோசிச்சுப் பண்ண சாமான். நம்ம ஊர்ல டேங்க் எவ்வளவு உசரமோ அவ்வளவுதான் அழுத்தம்.

ஷோரூம்ல பாக்கும்போது ஜோரா கொட்டுதேன்னு ஏமாறாதீங்க. டிஸ்பிளே பலகைக்குப் பின்னாடி குட்டி பம்ப் ஒண்ணு ஓடும்.

தொரப்பாடி அக்கா | 10 மார்ச், காலை 7.15

0.5 வேணும்கிற இடத்துல 0.4 இருந்தா தண்ணி கம்மியா வரும், அவ்வளவுதானே? பேசின்ல கை கழுவ எதுக்கு அவ்வளவு வேகம்?

ஆங்கிள் காக் | 10 மார்ச், 9.20

கம்மியா வந்தா பரவாயில்லைக்கா. நிக்காம வரும், அதான் தொல்லை.

உள்ள இருக்கிறது சாலினாய்டு வால்வு. காந்தச் சுருள் நேரா தண்ணியை அடைக்காது, அதுக்கு அவ்வளவு பலம் இல்ல. நடுவுல ரப்பர் டயாஃப்ரம் ஒண்ணு இருக்கு. அதுல ஒரு மி.மீ.கூட இல்லாத ஓட்டை. அது வழியா தண்ணி ரப்பருக்கு மேல் பக்கம் போய் நிரம்பும். காந்தம் மேல் பக்கத்து வழியை அடைச்சதும் அங்க அழுத்தம் ஏறி ரப்பரை அமுக்கி மூடும். ஆக, வால்வை மூடுறது தண்ணியோட அழுத்தம்தான். அழுத்தம் பத்தலைன்னா ரப்பர் சரியா உக்காராது, சொட்டிக்கினே இருக்கும். அந்தத் தண்ணி அப்படியே சாக்கடைக்கு.

அந்தச் சின்ன ஓட்டையில உப்பு அடைச்சுக்கிட்டாலும் இதே கதி: குழாய் மூடாது. மேல் பக்கத்து வெளி வழி அடைச்சா உல்டா: குழாய் திறக்காது. ரிப்பேருக்கு வர்றவர் சென்சாரைக் கழட்டி மாத்துறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: மூடலையா, திறக்கலையா? மூடலைன்னா ரப்பரை எடுத்து வெளிச்சத்துல காட்டிப் பாக்கணும். ஓட்டை தெரியலைன்னா எலுமிச்சை உப்புத் தண்ணியில ஊறப் போடு. ஊசி விட்டுக் குத்தாதே, ஓட்டை பெருசானா வால்வு பட்டுனு மூடி பைப் அதிரும்.

உப்புத்தண்ணி, வாணியம்பாடி | 10 மார்ச், மதியம் 1.50

நம்ம பக்கத்துல அழுத்தத்தைவிட இதுதான் முதல் கேள்வி. போர் தண்ணியோட கடினத்தன்மை எவ்வளவு? இந்தியத் தர நிர்ணயம் 10500ன்படி குடிநீர்ல லிட்டருக்கு 200 மி.கி. வரை நல்லது, வேற வழி இல்லைன்னா 600 வரை. பாறைக்குள்ள இருந்து வர்ற போர்ல இதைத் தாண்டுறது ஒண்ணும் அதிசயம் இல்ல. ராணிப்பேட்டை, ஆம்பூர், எங்க ஊர்ப் பக்கம் தோல் பதனிடுற ஷாப்பு உப்பும் சேர்ந்துக்கும்.

காட்பாடி ஈபி | 10 மார்ச், 2.10

டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கிப் பாத்தா தெரிஞ்சுடுமே.

உப்புத்தண்ணி, வாணியம்பாடி | 10 மார்ச், 2.35

தெரியாது. டிடிஎஸ் மீட்டர் கரைஞ்சிருக்கிற எல்லாத்தையும் மொத்தமா சொல்லும். சோத்து உப்பு கரைஞ்சிருந்தாலும் எகிறும், ஆனா அது குழாயில படியாது. படியுறது கால்சியம், மக்னீசியம். அதுக்கு சொட்டு மருந்து கிட் இருக்கு. மாதிரித் தண்ணியில சொட்டுச் சொட்டா விட்டு, சிவப்பு நீலமாகிற வரைக்கும் எண்ணணும். கிட் இல்லைன்னா பழைய ஷவர் தலையைக் கழட்டிப் பாருங்க. துளையைச் சுத்தி வெள்ளைப் பொருக்கு நகத்துல சுரண்டினா வராத அளவுக்குக் கெட்டியா இருந்தா, சாஃப்ட்னர் (தண்ணியோட கடினத்தன்மையை எடுக்கிற கருவி) இல்லாம சென்சார் குழாய் மேல காசு போடாதீங்க.

சாஃப்ட்னரை எங்க வைக்கிறதுன்னு ஒரு விஷயம். டேங்க்ல இருந்து இறங்குற லைன்ல வச்சா, இருக்கிற 0.77 பாரையும் அதுவே தின்னுடும். சம்ப்ல இருந்து மோட்டார் மேல ஏத்துற லைன்ல வைங்க, அங்க மோட்டார் தள்ளும். ஃபிளஷ் தண்ணிகூட சாஃப்டாகும், உப்பு கூடச் செலவாகும், அது ஒரு நட்டம்தான். சாஃப்ட்னர் தண்ணியில சோடியம் ஏறும். குடிக்க, சமைக்க காவேரி லைன் தனியா இருக்கு, நல்லதாப் போச்சு. அதை இதோட சேத்துடாதீங்க.

பாகாயம் ராஜா | 10 மார்ச், இரவு 9.02

ஆத்துல தண்ணி இல்ல, கோட்டையில ராஜா இல்ல, கோயில்ல சாமி இல்ல, மலையில மரம் இல்லன்னு வேலூரைப் பத்திச் சொல்லுவாங்க. இப்ப குழாயில கைப்பிடியும் இல்ல. இன்னா ஊருப்பா இது.

தொரப்பாடி அக்கா | 10 மார்ச், 9.15

சாமி ஜலகண்டேஸ்வரர் 1981லயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிட்டார். லிஸ்ட்ல இருந்து அவரை எடுத்துடுங்க. கைப்பிடி வேணா சேர்த்துக்கலாம்.

காட்பாடி ஈபி | 11 மார்ச், காலை 8.30

கரண்ட் பக்கம். சென்சார் குழாய்ல ரெண்டு வகை. ஒண்ணு பேட்டரி, நாலு பென்சில் செல், 6 வோல்ட். இன்னொண்ணு அடாப்டர். கடையில ரெண்டையும் ஒரே மாதிரி சொல்லி விப்பாங்க. உள்ள வால்வு வேற.

பேட்டரி வகையில வால்வு திறக்க ஒரு தட்டு, மூட ஒரு தட்டு. நடுவுல கரண்டே எடுக்காது, அதனாலதான் செல் நாள்பட வருது. செல் சாகும்போது வால்வு திறந்த நிலையில நின்னுட்டா ஓடிக்கிட்டே இருக்குமேன்னு பயம் வரும். ஒழுங்கான கன்ட்ரோல் பாக்ஸ், செல் இறங்கும்போதே கடைசியா ஒரு தரம் மூடிட்டு சிவப்பு லைட் சிமிட்டும். வாங்கும்போது இதைக் கேளுங்க. அடாப்டர் வகை பலதுல கரண்ட் இருந்தாதான் திறக்கும், போனா மூடிக்கும். மாசாமாசம் பராமரிப்புன்னு பகல் பூரா கரண்ட் நிறுத்துற நாள்ல கை கழுவ முடியாது. இன்வெர்ட்டர் லைன்ல குடுங்க. இல்லைன்னா அடாப்டர், பேட்டரி ரெண்டும் ஏத்துக்கிற மாடலா பாருங்க.

செல் ஆல்கலைனா இருக்கணும். ரிமோட்டுக்குப் போடுற சாதா செல் ஒழுகி, பாக்ஸ்ல இருக்கிற ஸ்பிரிங்கைத் தின்னுடும். சார்ஜ் பண்ற செல் ஒண்ணுக்கு 1.2 வோல்ட், நாலு சேர்ந்தா 4.8. முழுசா சார்ஜ் ஏத்தி வச்சாலும் சில பாக்ஸ் அதை 'செல் தீர்ந்து போச்சு'ன்னு எடுத்துக்கும்.

சத்துவாச்சாரி மாடிவீடு | 11 மார்ச், 10.05

சிங்க்குக்குக் கீழதான் கேஸ் சிலிண்டர் வைக்கிற இடம். அடாப்டர் அங்கயே வரலாமா சார்?

காட்பாடி ஈபி | 11 மார்ச், 10.12

கூடவே கூடாது. கேஸ் காத்தைவிட கனம், கசிஞ்சா அந்தக் கப்போர்டு தரையிலதான் தேங்கும். பிளக்கும் சுவிட்சும் பக்கத்து அறையில, இல்ல மேடைக்கு மேல. சிலிண்டர் கூட இருந்தா பேட்டரி பாக்ஸும் வேணாம்.

ஆங்கிள் காக் | 12 மார்ச், காலை 7.50

கிச்சனுக்கு வர்றேன். தொட்டா திறக்கிற குழாய்ல குழாய் உடம்பே சென்சார். எவர்சில்வர் சிங்க் மேல மாட்டும்போது நடுவுல வர்ற பிளாஸ்டிக் வளையத்தை பிளம்பர் 'இது எதுக்கு'ன்னு தூக்கிப் போட்டுட்டார்னா, சிங்க்கைத் தொட்டாலே தண்ணி வரும். குண்டான் விளிம்பு குழாயில பட்டாலும் வரும், நிக்கும். கனெக்‌ஷன் பைப்புக்கு மேல இருக்கிற ஸ்டீல் வலை பாக்ஸ் ஒயரோட உரசாம பாத்துக்கணும்.

கை காட்டினா வர்ற சென்சாரை சிங்க்ல போட்டா வேற கூத்து. கண்ணு கீழ்நோக்கி இருந்து சிங்க் பளபளன்னு புதுசா இருந்தா, அதோட பிரதிபலிப்புலயே தானா திறக்கும். எண்ணெய் குடிச்ச இரும்புச் சட்டி, தோசைக்கல் கறுப்புங்கிறதால ஒளியை உள்ள இழுத்துக்கும். நீட்டிப் பிடிச்சாலும் கண்ணுக்குத் தெரியாது. மேற்கு ஜன்னல் வெயில் கண்ணுல நேரா அடிச்சா சாயங்காலம் இஷ்டத்துக்கு நடக்கும்.

குடம் இன்னொரு பிரச்சினை. சென்சார் குழாய் பலதும் 30 இல்ல 60 செகண்டுல தானா நின்னுடும், யாராவது துணி போட்டு மறைச்சா வெள்ளமாகாம இருக்க அந்த ஏற்பாடு. 15 லிட்டர் குடம். குழாய் மூக்குல திருகுற சல்லடை, அதான் ஏரேட்டர், நிமிஷத்துக்கு 4 லிட்டர் விடுதுன்னா குடம் நிரம்ப கிட்டத்தட்ட 4 நிமிஷம். 60 செகண்டுன்னாலும் ஒரு குடத்துக்கு நாலு தரம் கும்பிடு போடணும்.

கிச்சனுக்கு என் ஓட்டு நீளக் கைப்பிடி வச்ச எல்போ குழாய். சி.எம்.சி. மாதிரி பெரிய ஆஸ்பத்திரி வார்டுல பாத்திருப்பீங்க. முழங்கையால தட்டலாம், மாவுக் கை குழாயில படாது. 0.1 பார்ல கூட ஓடும், செல் கிடையாது.

தொரப்பாடி அக்கா | 12 மார்ச், 11.25

கைப்பிடி திரும்ப வந்துடுச்சு. ராஜா, லிஸ்ட்ல இருந்து எடுங்க.

கால் மிதி வால்வை யாரும் சொல்லலையே. கிளினிக்ல வைக்கிற மாதிரி, மேடைக்குக் கீழ மிதி. மிதிச்சா வரும், விட்டா நிக்கும். பாத்திரம் தேய்க்கிறவங்களுக்கு ரெண்டு கையும் ஃப்ரீ.

ஆங்கிள் காக் | 12 மார்ச், 11.50

நல்ல யோசனைக்கா, எல்போவைவிட இதுதான் சரி. ரெண்டு விஷயம் மட்டும் பாக்கணும். மிதி தரையோட தரையா இருந்தா கழுவுற தண்ணி உள்ள போய் ஸ்பிரிங் துருப்பிடிக்கும், மேடையோட கீழ் சட்டத்துல மாட்டுற வகை வாங்குங்க. குடம் பிடிக்க மிதியைப் பூட்டி வைக்கிற கொக்கி இருக்கான்னு பாருங்க. முழங்கால் வலி இருக்கிறவங்க வீட்டுல இது வேணாம், அங்க எல்போதான்.

விஷாரம் பாய் | 14 மார்ச், இரவு 10.10

அஸ்ஸலாமு அலைக்கும். எங்க வீட்டுல தொழுகைக்கு முன்னாடி கை, கால், முகம் கழுவி ஒளு செய்யிற இடத்துக்கு இதுல எது சரி? உக்காந்து கால் கழுவணும், அதனால கால் மிதி ஒத்துவராது. தண்ணி வீணாக்கவும் கூடாது.

ஆங்கிள் காக் | 15 மார்ச், காலை 8.00

வ அலைக்கும் ஸலாம் பாய். சென்சார் அங்க சரியா அமையாது. வாய் கொப்பளிக்கும்போது ஒரு தூரம், முழங்கை வரைக்கும் கழுவும்போது ஒரு தூரம், கால் வேற தூரம். கண்ணு 15, 20 செ.மீ.தான் பாக்கும். அமுக்கினா கொஞ்ச நேரம் ஓடி நிக்கிற பிரஸ்மேட்டிக் குழாயை சுவத்துல, உக்காந்தா கைக்கு எட்டுற உயரத்துல போடுங்க. ஓடற நேரத்தை உள்ள திருகி மாத்தலாம். ஒரு தரம் அமுக்கினா ஒரு உறுப்பு கழுவி முடியிற அளவுக்கு வைங்க. அழுத்தம் கம்மியான இடத்துல அந்த நேரம் தாறுமாறா நீளும், அதனால மாடில வச்சா ஒரு தரம் அளந்து பாருங்க.

தண்ணி மிச்சம்னு சொன்னீங்க. சென்சார் வச்சா பாதித் தண்ணி மிச்சம்னு கடைக்காரர் சொல்றதுல பெரும்பங்கு ஏரேட்டரோட வேலை. சாதா குழாய் நிமிஷத்துக்கு 8, 10 லிட்டர் கொட்டுது. 3 லிட்டர் ஏரேட்டரை அதே குழாய் மூக்குல திருகினா பெரிய செலவு இல்லாம குறையும்.

பாகாயம் ராஜா | 15 மார்ச், 9.30

எல்லாம் சரி, ஆனா கை படலைன்னா கிருமி இல்ல. அந்த ஒண்ணுக்காகவே போடலாமே.

உப்புத்தண்ணி, வாணியம்பாடி | 15 மார்ச், 12.15

கைப்பிடியில இருக்கிற கிருமி இல்லைன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். தண்ணிக்குள்ள இருக்கிறது வேற. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில சோதனை பண்ணி 2011ல சொன்னாங்க: சென்சார் குழாய்ல எடுத்த மாதிரிகள்ல பாதியில லெஜியோனெல்லா கிருமி, சாதா குழாய்ல 15 சதவீதம். உள்ள இருக்கிற வால்வுச் சந்து பொந்துல அது தங்குதுன்னு சொன்னாங்க, நோயாளிங்க இருக்கிற பகுதியில கைப்பிடிக் குழாய்க்கே திரும்பினாங்க. நல்லா இருக்கிற ஆள் வீட்டுல இதுக்காகப் பயப்பட வேணாம். ஊருக்குப் போய் பல நாள் பூட்டி வச்சிருந்து வந்தா, முதல் ரெண்டு நிமிஷத் தண்ணியை ஓட விட்டுட்டு அப்புறம் கை வைங்க. அப்படி ஓட விடவும் சென்சார் குழாய்ல கையை நீட்டிக்கினே நிக்கணும், அது வேற.

சத்துவாச்சாரி மாடிவீடு | 2 ஏப்ரல், காலை 9.00

சொட்டு கிட்ல பாத்தேன், கடினத்தன்மை 480. மோட்டார் லைன்ல சாஃப்ட்னர் வைக்கிறதா முடிவு. கிச்சன்ல கால் மிதி. ஹால் பேசின்ல சென்சார், பேட்டரி வகை.

மாடி ஷவர்தான் வீட்டுல விடமாட்டேங்கிறாங்க. பிரஷர் பம்ப் வச்சா டிஜிட்டல் பேனல் ஓடுமா? சுடு தண்ணி சோலார், மாடில கண்ணாடிக் குழாய் வச்சது.

ஆங்கிள் காக் | 2 ஏப்ரல், 9.40

நிறுத்துங்க. அந்த சோலார் டேங்க்ல மேல காத்துக் குழாய் திறந்திருக்கா? இருந்தா அது அழுத்தம் தாங்காத வகை. அதுக்கு முன்னாடி பம்ப் வச்சா டேங்க் தையல் விட்டுடும். பச்சைத் தண்ணி லைனுக்கு மட்டும் பம்ப் வச்சீங்கன்னா, அது கலக்குற வால்வு வழியா சுடு தண்ணி லைன்ல ஏறி சோலார் டேங்க்கை நிரப்பி, காத்துக் குழாய் வழியா மொட்டை மாடில கொட்டும். ஷவர்ல சுடு தண்ணியே வராது.

வழி ரெண்டு. ஒண்ணு, அழுத்தம் தாங்குற சோலார் டேங்க் மாத்தி, பிரியிறதுக்கு முன்னாடி பொது லைன்ல ஒரே பம்ப். இன்னொண்ணு, ரெண்டு லைனுக்கும் வெளியேறுற பக்கம் இரட்டை பம்ப், சம அழுத்தம், ரெண்டுலயும் தண்ணி திரும்பி ஓடாம தடுக்கிற நான்ரிட்டர்ன் வால்வு. சுடு தண்ணி பக்கத்து பம்ப் அந்தச் சூட்டைத் தாங்குற வகையா இருக்கணும், சோலார்ல 60, 70 டிகிரி சாதாரணம்.

பம்ப் வச்சதும் ஹால் பேசினும் அதே லைன்ல இருந்தா, கை காட்டும்போதெல்லாம் பம்ப் கிர்ருனு ஓடி நிக்கும். ஷவர் லைனைத் தனியா பிரிச்சுடுங்க.

காட்பாடி ஈபி | 2 ஏப்ரல், 10.20

பேனலுக்குக் கண்டிப்பா 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச். கலக்குற பெட்டியை டைல்ஸுக்குப் பின்னாடி புதைக்கச் சொல்லுவாங்க, விடாதீங்க. ஃபால்ஸ் சீலிங் மேலயோ, அந்தப் பக்கத்து அறைச் சுவத்துல கதவு வச்ச பெட்டியிலயோ வைங்க. ஃபில்டர் வலையைக் கழுவ கை போற இடமா இருக்கணும்.

தொரப்பாடி அக்கா | 2 ஏப்ரல், மதியம் 2.45

இந்த வெயில்ல ஒண்ணு கேக்கறேன். அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் டேங்க் தண்ணியே கை பொறுக்காது. பேனல்ல 30 டிகிரின்னு வச்சா அது எங்கிருந்து குளிர்விக்கும்? அதுக்குக் கலக்கத்தான் தெரியும். வருஷத்துல எத்தனை மாசம் நமக்கு வெந்நீரே வேணும்? மார்கழி, தை, மிஞ்சினா மாசி. இதுக்கு ரெண்டு பம்ப்பா?

சத்துவாச்சாரி மாடிவீடு | 3 ஏப்ரல், காலை 6.50

இந்தக் கேள்வியை வீட்டுல படிச்சுக் காட்டினேன். பேனல் அவுட். சாதா வால் மிக்ஸர், பெரிய தலை இல்லாத ஷவர்.

ஆங்கிள் காக் | 3 ஏப்ரல், 7.30

நல்லது. சுவர் திறந்திருக்கும்போதே ஷவர் பக்கம் ஒயர் இழுக்க ¾ இஞ்ச் கண்டியூட் பைப் ஒண்ணு, மூடி போட்ட காலி பாக்ஸ் ஒண்ணு விட்டுடுங்க. பின்னாடி மனசு மாறினா டைல்ஸ் உடைக்க வேணாம். மாடி டேங்க்ல இருந்து லைன் வெளிவர்ற இடத்துல காத்துக் குழாய் இல்லைன்னா இப்பவே போட்டுடுங்க. இருக்கிற 0.35 பார் காத்து அடைப்புல போயிடக் கூடாது.

சத்துவாச்சாரி மாடிவீடு | 11 மே, மாலை 6.15

சாஃப்ட்னர் உக்காந்தாச்சு. நாளைக்கு பிளம்பர் லைன் டெஸ்ட் பண்ணிட்டு ஹால் பேசின்ல சென்சார் மாட்ட வர்றார். எதைக் கவனிக்கணும்?

ஆங்கிள் காக் | 11 மே, 7.00

டெஸ்ட் பம்ப் போட்டு முடிச்ச பிறகுதான் குழாய் மாட்டணும். 10 பாருக்கு ஏத்தும்போது வால்வு லைன்ல இருந்தா ரப்பர் கிழியும். அப்புறம் ஆங்கிள் காக்கை வாளிக்குள்ள திறந்து சிமென்ட் பொடி, பைப் சீவல் போற வரைக்கும் ஓட விடுங்க. தூசி பிடிக்கிற வலை வச்ச ஒய் ஸ்ட்ரெய்னரை ஆங்கிள் காக்குக்கும் கன்ட்ரோல் பாக்ஸுக்கும் நடுவுல, வலை மூடி கீழ பாத்தாப்ல மாட்டச் சொல்லுங்க. முதல் மாசத்துல ஒரு தரம் வலையைக் கழட்டிக் கழுவுங்க. குழாய் மூக்கையும் கண்ணையும் பாத்ரூம் ஆசிட்ல துடைக்காதீங்க, குரோம் உரியும். ஈரத் துணி போதும்.

பாகாயம் ராஜா | 11 மே, 7.04

கம்பி நாரும் வேணாம்.

ஆங்கிள் காக் | 11 மே, 7.06

ஆமா, அதையும் வேலைக்கார அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. கண்ணுல கீறல் விழுந்தா யாரும் நிக்காதப்பவே திறந்துக்கும்.